வாழைநார்க் காகிதத்துக்கு கிராஸ்லிங்கர் போடலாமா?

திருக்காட்டுப்பள்ளியில் இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அவருடைய அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்து நடத்தும் மகளிர் குழு, வாழைநாரையும் வைக்கோலையும் வேகவைத்துக் கூழாக்கிக் கையால் காகிதம் எடுக்கிறது. பை, அட்டை, சாப்பாட்டுத் தட்டு மூன்றும் செய்கிறார்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பை கைப்பிடியோடு பிய்ந்து வருகிறது. தட்டில் சாம்பார் ஊற்றினால் அடி விட்டுவிடுகிறது. ரசாயனக் கடைக்காரர் ஒருவர் 'கிராஸ்லிங்கர்' என்று ஒரு கேனைக் காட்டி, இதைக் கலந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றாராம். அது என்ன பொருள், வேறு எங்கெல்லாம் பயன்படுகிறது, போடலாமா, தட்டில் போட்டால் சாப்பிடுகிறவர்களுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி. பைக்குப் போடலாம், அளவாக. தட்டுக்கு வேண்டாம். இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நனைந்தாலும் பிரியாதபடி நார்களைக் கட்டிவிட்டால், பிறகு நாம் பிரிக்க நினைத்தாலும் அவை பிரியாது. கட்டும் பொருளும் சும்மா இருக்காது. ஆகவே எவ்வளவு நேரம் நனைந்து தாங்க வேண்டும், வேலை முடிந்தபின் அந்தக் காகிதம் எங்கே போகும் என்ற இரண்டையும் தீர்மானித்துக்கொண்டுதான் கேனைத் திறக்க வேண்டும். காகித ஆலைகளில் கூழில் கலக்கும் ரசாயனங்களோடு வெகுகாலம் புழங்கியவன் என்ற முறையில் விவரமாகவே எழுதுகிறேன்.

காகிதத்தில் பசை எதுவும் இல்லாமலே நார்கள் ஒட்டிக்கொள்கின்றன. கூழைச் சல்லடையில் எடுத்துப் பிழிந்து காயவைக்கும்போது, நீர் வெளியேற வெளியேற நார்கள் நெருங்கி வருகின்றன. நாரின் மூலப்பொருளான செல்லுலோஸ் மூலக்கூறின் நெடுக ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த) தொகுதிகள் இருக்கின்றன. ஒரு நாரின் ஹைட்ராக்சில் அடுத்த நாரின் ஹைட்ராக்சிலோடு ஹைட்ரஜன் பிணைப்பில் சேர்ந்துவிடும். தனித்தனியாக அவை பலவீனமானவை; கோடிக்கணக்கில் சேரும்போதுதான் காகிதம் காகிதமாகிறது. அதே இடத்துக்குத் தண்ணீர் வந்தால், நார் பக்கத்து நாரை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொள்ளும். சாதாரணக் காகிதம் முழுக்க நனைந்தால் உலர்ந்த நிலையில் இருந்த வலுவில் 3 முதல் 10 சதவீதம்தான் மிஞ்சும். 15 சதவீதத்துக்கு மேல் மிஞ்சினால்தான் அதை ஈரத்தில் தாங்கும் காகிதம் என்று தொழிலில் ஒத்துக்கொள்வார்கள். 100 சதவீதம் என்பது யாருக்கும் கிடைக்காது. கடைக்காரர் அப்படிச் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம்.

இங்கே நிறையப் பேர் குழப்பிக்கொள்ளும் ஒன்று உண்டு. தண்ணீர் உள்ளே போவதைத் தாமதிப்பது ஒரு வேலை. உள்ளே போனபின்பும் காகிதம் பிரியாமல் இருப்பது வேறு வேலை; கிராஸ்லிங்கர், அதாவது நார்களைக் கட்டிவைக்கும் குறுக்குப் பிணைப்பு ரசாயனம், செய்வது இதைத்தான். முதலாவதற்கு சைசிங் என்று பெயர். மரப் பிசினான ரோசினும் படிகாரமும் போடுவது பழைய முறை. இப்போது ஆலைகளில் ஏ.கே.டி. என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருளைப் பால் மாதிரிக் கலக்கிப் போடுகிறார்கள். நோட்டுப் புத்தகத்தில் மை ஊறாமல் இருப்பது சைசிங்கால். ஆனால் அந்த நோட்டு வாய்க்காலில் ஒரு மணி நேரம் கிடந்தால் கூழாகிவிடும். மேசைத் துடைப்புக் காகிதத்தில் நேர்மாறு. தண்ணீரை உடனே உறிஞ்ச வேண்டும், ஆனால் கையில் பிய்யக் கூடாது. அதனால் அதில் சைசிங் கிடையாது, குறுக்குப் பிணைப்பு மட்டும் உண்டு. உங்கள் பைக்கு இரண்டும் கொஞ்சம் வேண்டும். தட்டுக்கு முதலாவதே போதும் என்பது என் கருத்து. காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

வைக்கோலைக் களத்தில் வெறுமனே குவித்து வைப்பதற்கும் பிரி போட்டுக் கட்டி வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் சாதாரணக் காகிதத்துக்கும் குறுக்குப் பிணைப்பு போட்ட காகிதத்துக்கும் உள்ள வித்தியாசம். ஹைட்ரஜன் பிணைப்பு தண்ணீரில் அவிழும். ரசாயனப் பிரி அவிழாது. இதில் இரண்டு விதம் இருக்கிறது. சில ரெசின்கள் (பிசின் போன்ற செயற்கைப் பொருள்கள்) நாரோடு நேரடியாக வினைபுரிந்து இரு நார்களைச் சேர்த்துக் கட்டும். வேறு சில நாரைப் பிடிப்பது குறைவு. தமக்குள்ளே வலையாகப் பின்னி, நார்கள் சந்திக்கும் இடத்தைச் சுற்றி மூடிக்கொள்ளும். அந்த வலைக்குள் தண்ணீர் புகுந்து நார் ஊதுவது தடைபடுவதால் ஏற்கெனவே இருக்கும் பிணைப்புகள் பிழைத்துக்கொள்ளும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1930களில் யூரியா பார்மால்டிஹைடு ரெசின் வந்தது. 1940களில் மெலமின் பார்மால்டிஹைடு வந்தது. இரண்டும் மேலே சொன்ன இரண்டாம் ரகம். இரண்டுக்கும் கூழ் புளிப்பாக, பிஎச் 4.5 பக்கம் இருக்க வேண்டும். அதற்காகப் படிகாரம் சேர்ப்பார்கள். விலை குறைவு, வேலையும் நடக்கும். ஆனால் புளிப்புக் கூழில் எடுத்த காகிதம் வருஷம் போகப் போகப் பழுத்து, மடித்த இடத்தில் முறியும். நாட்குறிப்பு, கணக்குப் புத்தகம் என்று நீண்டகாலம் வைத்திருக்கும் எதையும் அந்த வழியில் செய்யக் கூடாது. அதைவிடப் பெரிய தொல்லை பார்மால்டிஹைடு. தயாரிக்கும்போதும் காயும்போதும் ஆவியாக வெளியே வரும். கண் எரியும், தொண்டை கரகரக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் முதல் பிரிவில் வைத்துவிட்டது. காற்றோட்டமில்லாத கீற்றுக் கொட்டகையில் நாலைந்து பெண்கள் நாள் முழுக்க நின்று வேலை செய்யும் இடத்துக்கு இது வரவே கூடாது. கடைக்காரர் காட்டிய கேனில் 'யு.எஃப்.' அல்லது 'எம்.எஃப்.' என்று இருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

1960 வாக்கில் வந்தது பி.ஏ.ஈ. முழுப்பெயர் பாலிஅமைடோஅமின் எபிகுளோரோஹைட்ரின். உலகத்தில் ஈரம் தாங்கும் காகிதத்தில் பெரும்பகுதி இன்று இதில்தான் ஓடுகிறது. கடைக்காரரின் கேனில் இருந்ததும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். வைக்கோல் நிறத்தில், கொஞ்சம் கொழகொழப்பாக, பெரிய நெடி எதுவும் இல்லாமல் இருக்கும். இதன் அழகு என்னவென்றால், ரெசினில் நேர்மின்னூட்டம், நாரின் மேல் எதிர்மின்னூட்டம். கூழில் ஊற்றிக் கலக்கினால் தானே போய் நாரில் ஒட்டிக்கொள்ளும். பிஎச் 6 முதல் 8 வரை நன்றாக வேலை செய்யும். அதாவது கிணற்றுத் தண்ணீரே போதும், படிகாரம் தேவையில்லை. காயும்போது ரெசினில் உள்ள அசெட்டிடினியம் என்ற நான்கு முனை வளையம் திறந்து, நாரில் உள்ள கார்பாக்சில் தொகுதியோடும் ரெசினின் பக்கத்துச் சங்கிலியோடும் சேரும். முன்னே சொன்ன இரண்டு விதமும் இதில் ஒருசேர நடக்கின்றன.

உங்கள் குழுவுக்கு அதிகம் உதவக்கூடியது இதைப் போடும் விதம்தான். அதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ரெசினின் அளவை எப்போதும் காய்ந்த நாரின் எடைக்குக் கணக்கிட வேண்டும். தொழிலில் 0.1 முதல் 1 சதவீதம் வரை போடுவார்கள். பைக்கு 0.5 சதவீதத்தில் தொடங்குங்கள். 10 கிலோ காய்ந்த நாருக்கு 50 கிராம் ரெசின் என்று வருகிறது. ஆனால் கேனில் இருப்பது தண்ணீரில் கரைத்தது, அதில் 12.5 சதவீதம்தான் சரக்கு என்றால் 400 கிராம் திரவம் ஊற்ற வேண்டும். 25 சதவீதக் கேன் என்றால் 200 கிராம். எத்தனை சதவீதம் என்று சீட்டைப் பார்க்காமல் டம்ளர் கணக்கில் ஊற்றினால் ஒன்று வீண்செலவு, இல்லாவிட்டால் பலன் இருக்காது. 1 சதவீதத்துக்கு மேல் போவதில் அர்த்தமில்லை. நாரின் மேல் ஒட்டும் இடம் தீர்ந்துவிட்டால் மிச்சம் தண்ணீரிலேயே நின்று நுரை கட்டும்.

ஊற்றும் முன் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து, கூழ் கெட்டியாக இருக்கும்போதே சேர்த்து ஐந்து பத்து நிமிஷம் கலக்கிவிட்டு, அதற்குப் பிறகு தொட்டியில் கரைத்து எடுங்கள்.

இப்போது டெல்டாவுக்கே உரிய சங்கதிகள். முதலாவது, வைக்கோல் கூழ். காஸ்டிக் சோடா போட்டு வேகவைத்த வைக்கோலில் கரைந்த லிக்னினும் மற்ற அழுக்கும் கருப்புக் கஷாயமாக நிற்கும். அது எதிர்மின்னூட்டம் உள்ள சரக்கு. நீங்கள் ஊற்றும் ரெசினை நாருக்கு முன்னால் அது சாப்பிட்டுவிடும். கூழைத் துணியில் போட்டுப் பிழிந்தால் வரும் தண்ணீர் தெளிவாகும்வரை அலச வேண்டும். சிறு குழுக்களில் ரெசின் வேலை செய்யவில்லை என்று வரும் புகாரில் நான் முதலில் கேட்பது இதைத்தான், பல நேரம் அங்கேயே விடை கிடைத்துவிடும். இரண்டாவது, பிளீச்சிங் பவுடர். வாழைநாரை வெளுக்க அதைப் போட்டிருந்தால் எஞ்சிய குளோரின் ரெசினைச் சிதைக்கும். நீச்சல் குளத்துக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் வைத்திருக்கும் குளோரின் சோதனைச் சொட்டு மருந்தை வாங்கி, கூழ்த் தண்ணீரில் இரண்டு துளி விட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறம் தெரியாவிட்டால்தான் ரெசின் ஊற்றலாம். மூன்றாவது, உப்பு. திருக்காட்டுப்பள்ளியில் ஆற்றுப் பாசனத் தண்ணீர், கவலையில்லை. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் உவர் நீரில் யாராவது இதைச் செய்தால் நாரும் ரெசினும் ஒன்றையொன்று இழுக்கும் சக்தி உப்பால் மங்கிவிடும். அங்கே மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்துக் கலக்குவது நல்லது. நான்காவது, வெயில். பி.ஏ.ஈ. கேனிலேயே மெல்ல மெல்ல வினைபுரிந்துகொண்டிருக்கும் பொருள். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரையின் கீழ் வைத்தால் கேனுக்குள்ளேயே அல்வா பதத்துக்கு இறுகிவிடும். தயாரித்த தேதி பார்த்து, சிறிய கேனாக வாங்கி, நிழலில் வையுங்கள்.

அப்புறம் பொறுமை. ஆலையில் நீராவி உருளைகள் 100 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அங்கேயே இயந்திரத்தை விட்டு வரும்போது ரெசினின் வலு முழுதாக வந்திருக்காது. கிடங்கில் இருந்து முதிர வேண்டும். நீங்கள் வெயிலில் காயவைப்பதால் இன்னும் கூடுதல் நாள் ஆகும். காய்ந்த மறுநாளே நனைத்துப் பார்த்துவிட்டு, பலனில்லை என்று கேனைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று வாரம் அடுக்கி வைத்துவிட்டுச் சோதிக்க வேண்டும். அவசரம் என்றால் ஒரு துண்டை மட்டும் மின்சார ஓவனில் 105 டிகிரியில் பத்து நிமிஷம் வைத்து எடுங்கள். முதிர்ந்த காகிதம் எப்படி இருக்கும் என்று அது காட்டிவிடும்.

சோதனையும் சொல்லிவிடுகிறேன். 15 மில்லிமீட்டர் அகலத்தில் காகிதப் பட்டைகள் வெட்டுங்கள். ஆய்வகங்களிலும் அதே அகலம்தான். ஒரு முனையைக் கிளிப்பால் மேலே பிடித்து, மறுமுனையில் சிறிய வாளியைத் தொங்கவிட்டு, அறுகிறவரை தண்ணீர் ஊற்றி, வாளியோடு சேர்த்து நிறுத்துக்கொள்ளுங்கள். ஈரச் சோதனைக்குப் பட்டையின் நடுப்பகுதியை மட்டும் வளைத்து ஒரு மணி நேரம் தண்ணீரில் வைக்க வேண்டும். முனைகள் நனைந்தால் கிளிப் பிடித்த இடத்தில் பிய்ந்து கணக்குத் தப்பிவிடும். உதாரணத்துக்கு, உலர்ந்த பட்டை 5 கிலோவிலும் நனைந்தது கால் கிலோவிலும் அறுந்தால் 5 சதவீதம். ரெசின் போட்டபின் நனைந்தது 1 கிலோ தாங்கினால் 20 சதவீதம். அது பைக்குத் தாராளம். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பட்டையாவது அறுத்துச் சராசரி எடுங்கள். கைக்காகிதத்தில் இடத்துக்கு இடம் கனம் மாறும், ஒரு பட்டையை வைத்து முடிவு செய்ய முடியாது.

இன்னொன்று. உங்களிடம் இருக்கும் வாழைநார் சாதாரணச் சரக்கு இல்லை. தேயிலைப் பைக் காகிதம் கொதிக்கும் நீரில் முங்கியும் கிழியாமல் இருக்கிறதே, அதற்குப் பெரும்பாலும் அபாகா நாரைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது பிலிப்பைன்ஸ் நாட்டு வாழை இனம். பழத்துக்கு வளர்ப்பதில்லை, நாருக்கே வளர்ப்பது. அதன் நார் சுமார் 6 மில்லிமீட்டர் நீளம் வரும். நம் பூவன், மொந்தன் மட்டை நார் அவ்வளவு இல்லாவிட்டாலும், 1 மில்லிமீட்டர்கூட எட்டாத வைக்கோல் நாரைவிட மிக நீளம். நீளமான நார் அதிக இடங்களில் குறுக்கே சந்திக்கும். சந்திக்கும் இடமெல்லாம் ரெசின் கட்டும் இடம். ஆகவே ரெசினைக் கூட்டுவதற்கு முன் பைக் கூழில் வாழைநாரின் பங்கைக் கூட்டிப் பாருங்கள், கூழ் அடிக்கும் இயந்திரமான பீட்டரில் இன்னும் கொஞ்ச நேரம் அடித்துப் பாருங்கள். திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. மட்டையிலிருந்து நார் எடுக்கும் முறைகளை அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

குறுக்குப் பிணைப்பு ரசாயனங்கள் வேறு எங்கெல்லாம் பயன்படுகின்றன என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் தினமும் தொடும் பலவற்றில் இருக்கின்றன. சட்டைப்பையில் மறந்துபோய்ச் சலவைக்குப் போன ரூபாய் நோட்டு முழுதாகத் திரும்பி வருவதற்குப் பஞ்சு நாரும் ஈரவலு ரெசினும் சேர்ந்து காரணம். குளிர்பான பாட்டில் லேபிள் ஐஸ் தண்ணீரில் ஊறிக் கிழியக் கூடாது, ஆனால் பாட்டிலைத் திரும்பக் கழுவும்போது காஸ்டிக் நீரில் கூழாகாமல் முழுத்தாளாகக் கழன்று வர வேண்டும். அந்த இரண்டும் ரெசினால்தான் முடிகிறது. கழிப்பறைக் காகிதம் வேறு ரகம். கையில் சில நிமிஷம் தாங்க வேண்டும், குழாயில் போனபின் கரைந்துவிட வேண்டும். அதற்கு கிளையாக்சால் சேர்த்த பாலிஅக்ரிலமைடு போடுவார்கள். அது கட்டும் பிணைப்பு தண்ணீரிலேயே மெல்லத் திரும்ப அவிழும் வகை. பி.ஏ.ஈ. போட்ட துடைப்புத் தாளைக் கழிப்பறையில் போட்டால் செப்டிக் குழாய் அடைத்துக்கொள்வது இந்த வித்தியாசத்தால்தான்.

அட்டைப்பெட்டிக்கு வருவோம். நெளிவுத் தாளையும் சமத் தாளையும் ஒட்டும் பசை மக்காச்சோள அல்லது மரவள்ளி மாவு, காஸ்டிக், வெங்காரம் சேர்ந்தது. வெங்காரத்தில் உள்ள போரேட் மாவின் சங்கிலிகளை இணைத்து உடனே பிசுபிசுப்பை ஏற்றிவிடும். பிள்ளைகள் பசையில் வெங்காரக் கரைசல் விட்டு ஸ்லைம் செய்கிறார்களே, கண்ணால் பார்க்கக்கூடிய குறுக்குப் பிணைப்பு அதுதான். ஆனால் போரேட் பிணைப்பு தண்ணீருக்குத் தாங்காது. நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து உறையவைத்த இறால் போகும் வெளிப்பெட்டிகளுக்கு மாவுப் பசையோடு ஈரம் தாங்கும் ரெசினும், தாளில் ஈரவலுவும் வேண்டும். இல்லாவிட்டால் குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்ததும் பெட்டி வியர்த்து, அடுக்கில் அடியில் இருப்பது நசுங்கிவிடும்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பளபளப்புத் தாளிலும் ஒரு சோதனை செய்து பாருங்கள். விரலை நனைத்து ஓரத்தில் ஐந்தாறு முறை தேய்த்தால், மட்டமான தாளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கையோடு வரும். நல்ல தாளில் வராது. மேல்பூச்சில் சுண்ணாம்புத் தூளைப் பிடித்துவைக்கும் மாவுச்சத்தை கிளையாக்சால் அல்லது அம்மோனியம் சிர்கோனியம் கார்பனேட் போட்டுக் கட்டியிருப்பார்கள். ஆஃப்செட் அச்சில் தண்ணீர் உருளை படுவதால், இது இல்லாவிட்டால் பூச்சு உரிந்து ரப்பர் பிளாங்கெட்டில் ஒட்டி அச்சே கெட்டுவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் நாருக்கும் நாருக்கும், அல்லது பூச்சுக்குள் போடும் கட்டு. ஒரே நாரின் உள்ளுக்குள்ளேயே கட்டுவதும் உண்டு. அப்படிச் செய்தால் நார் சுருண்டு விறைத்து நிற்கும். பக்கத்து நாரோடு ஒட்டவே ஒட்டாது. காகிதத்துக்கு அது ஆகாது, குழந்தைகளின் டயப்பருக்கு அருமை. நசுங்காத பஞ்சாக நின்று திரவத்தைச் சீக்கிரம் பரப்பும். இதற்குச் சிட்ரிக் அமிலம் பயன்படுகிறது.

சிட்ரிக் அமிலம் என்றால் நம் மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்புதான். விஷமில்லாத பொருளாயிற்றே, காகிதத்துக்கு இதையே போடலாமே என்று தோன்றும். செய்யலாம், ஆனால் 150 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் அமிலம் நாரோடு எஸ்டர் பிணைப்பாகச் சேரும். அதே அமிலம் நாரை அரிக்கவும் செய்யும். தாள் மஞ்சளாகும், மடித்தால் முறியும். பைக்கு இது உதவாது. மடிப்பே இல்லாத, சூடான அச்சில் அழுத்தி எடுக்கும் தட்டுக்கு வேண்டுமானால் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கலாம்.

நம் கடற்கரைக்குப் பொருந்தும் இன்னொரு பொருள் கைட்டோசான். இறால் ஓட்டிலிருந்து எடுப்பது. மெல்லிய அசிட்டிக் அமிலத்தில் கரையும். நேர்மின்னூட்டம் உள்ளதால் நாரோடு தானே ஒட்டும். காய்ந்தபின் தாளுக்கு ஈரவலு தரும். ஆய்வகத்தில் நன்றாகவே வேலை செய்கிறது. விலைதான் ஆலைகளில் அதை நுழைய விடவில்லை. உங்கள் மாதிரி விலை கூடிய கைக்காகிதம் செய்பவர்கள், ஓவியத்தாளுக்கோ அன்பளிப்புப் பைக்கோ, மேலே தூரிகையால் பூசிப் பார்ப்பதில் எனக்கு உண்மையிலேயே ஆர்வம் உண்டு. இறால் ஓடு குப்பையாகப் போகும் கரையும் வாழைமட்டை குப்பையாகப் போகும் கொல்லையும் ஒரே பஸ் தடத்தில் இருக்கின்றன.

சரி, தட்டு. 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டுக்கும் தடை இருக்கிறது. அதனால் உங்கள் தட்டுக்குக் கேட்பு இருக்கும் என்பது புரிகிறது. பி.ஏ.ஈ. உணவு படும் காகிதத்துக்கு ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வரம்போடு அனுமதிக்கப்பட்ட பொருள்தான். ஆனால் அதைத் தயாரிக்கும்போது எபிகுளோரோஹைட்ரினிலிருந்து இரண்டு குளோரின் சேர்மங்கள் கழிவாக உண்டாகி ரெசினில் எஞ்சும்: டைகுளோரோபுரொப்பனால், மோனோகுளோரோபுரொப்பேன்டையால். இரண்டும் புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலில் உள்ளவை. காகிதத்தை நீரில் ஊறவைத்து எடுத்த சாற்றில் பின்னது லிட்டருக்கு 12 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது, முன்னது 2 மைக்ரோகிராம் அளவில்கூடத் தென்படக் கூடாது என்பது ஜெர்மனியின் வரம்பு. இந்த எச்சம் மிகக் குறைந்த சுத்தமான ரெசின்களும் விற்கின்றன, விலை அதிகம். எந்த ரகம் உங்கள் கேனில் இருக்கிறது என்று கடைக்காரருக்கே தெரிந்திருக்காது. பெரிய ஆலை ஒவ்வொரு லாட்டையும் ஆய்வகத்துக்கு அனுப்பும். ஒரு மகளிர் குழு அந்தச் செலவைத் தாங்காது. கொதிக்கும் சாம்பார் ஊற்றும் தட்டில் இந்தக் கணக்கை யூகத்தில் விடக் கூடாது என்பதால்தான் வேண்டாம் என்கிறேன்.

அதற்குப் பதில், தட்டு எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்று யோசியுங்கள். அரை மணி நேரம். அதற்கு உணவுத்தரச் சான்று உள்ள ஏ.கே.டி. போட்டு, சூடான அச்சில் நன்றாக அழுத்தி எடுத்தாலே போதும். மேலே ஒரு வாழை இலை நறுக்கு வைத்துப் பரிமாறினால் சாம்பார் தட்டைத் தொடவே தொடாது. நம் ஊர் டிபன் கடைகளில் எவர்சில்வர் தட்டிலேயே இலை போட்டுத்தானே தருகிறார்கள். தலையாட்டி பொம்மைக் காகிதக்கூழில் மயில்துத்தம் போடுவதைப் பார்த்துவிட்டு அதையும் தட்டில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அது பூச்சி அரிக்காமல் இருக்கப் போடுவது. ஈரவலுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உணவு படும் எதிலும் அது வரக் கூடாது.

கடைசியாக, பை பக்கத்துக் கழிவு. ரெசின் போட்ட தாளின் வெட்டுத்துண்டுகளைச் சாதாரணத் துண்டுகளோடு கலக்காதீர்கள். காய்ந்து முதிர்ந்துவிட்டால் வெறும் தண்ணீரில் அவை திரும்பக் கூழாகாது. பழைய பேப்பர் கடைக்குப் போட்டால் வாங்கும் ஆலையில் கட்டி கட்டியாக நின்று தாளைக் கெடுக்கும். முதிர்வதற்கு முன், எடுத்த ஓரிரு நாளுக்குள் என்றால் எளிதில் கரையும். அதனால் அன்றன்றைக்குத் துண்டுகளை அன்றன்றே தொட்டியில் போட்டுவிடுங்கள். தப்பியவற்றைக் காஸ்டிக் சேர்த்த வெந்நீரில் போட்டு நீண்ட நேரம் கடைய வேண்டும். கையுறை இல்லாமல் யாரையும் அதைச் செய்ய விடாதீர்கள்.

தொட்டித் தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள், தம்பி. எஞ்சிய ரெசினில் குளோரின் சேர்மம் இருக்கிறது, அந்த வாய்க்கால் அடுத்த வயலுக்குப் பாய்வது. ரெசினைக் குறைவாகப் போட்டு, நன்றாக ஒட்டவிட்டு, அதே தண்ணீரை அடுத்த கூழுக்கே திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். கடைசியில் நிற்பதை ஒரு தொட்டியில் தெளியவைத்து, அடியில் தங்கும் நாரை அட்டைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனைகளை ஆவணிக்குள் முடித்துவிடப் பாருங்கள். ரெசின் முதிர இரண்டு மூன்று வாரம், பை தைத்து ஒட்ட இரண்டு வாரம் என்று வைத்தால், ஐப்பசியில் மழை இறங்கும்போது கடைக்குக் கொடுக்கச் சரக்கு கையில் இருக்கும்.